விதியின் காலமும் அட்டவணையின் காலமும்: தனிமைப்படுத்தல் விதிகளும் பன்னாட்டு விமானச் சேவைகளின் மீள்தொடக்கமும் – ஹாங்காங், சிங்கப்பூர் ஒப்பீடு (2020–2022)

ஆய்வுச்சுருக்கம்

கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன பன்னாட்டு விமானச் சேவைகள் எப்போது, எந்த அளவில் மீண்டும் தொடங்கின என்பதைப் பயணிகளின் தேவை ஒன்றைக் கொண்டே விளக்கும் போக்கு பரவலாக உள்ளது. உள்நாட்டு விமானச் சேவையே இல்லாத ஹாங்காங், சிங்கப்பூர் ஆகிய இரு துறைமுக நகரங்களின் அனுபவத்தை ஒப்பிட்டு, அவ்விளக்கம் போதுமானதன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பயணிகளுக்கான தனிமைப்படுத்தல் நாள்களின் எண்ணிக்கையுடன், விமானப் பணியாளருக்கான தனிமைப்படுத்தலும், விதி எப்போது மாறும் என்பதை முன்கூட்டி அறிய இயலாத நிலையும் விமான நிறுவனங்களின் முடிவுகளைத் தீர்மானித்தன என்பதே இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: தனிமைப்படுத்தல், பன்னாட்டு விமானச் சேவை, ஹாங்காங், சிங்கப்பூர், விமானப் பணியாளர், கோவிட்-19.

1. முன்னுரை

2019ஆம் ஆண்டில் ஹாங்காங் விமான நிலையத்தை ஏறத்தாழ 7.15 கோடிப் பயணிகளும், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தை ஏறத்தாழ 6.83 கோடிப் பயணிகளும் பயன்படுத்தினர். 2021இல் இவ்வெண்ணிக்கை முறையே சுமார் 14 லட்சமாகவும் 30 லட்சமாகவும் சுருங்கியது. 2022இல் சாங்கி 3.22 கோடிப் பயணிகளைக் கண்டது. ஹாங்காங் கண்டதோ சுமார் 56 லட்சம் மட்டுமே. பெருந்தொற்றுக்கு முன் ஏறக்குறைய ஒரே அளவில் இயங்கிய இரு நிலையங்கள், ஒரே ஆண்டில் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாட்டை எட்டின.

இவ்விரு நகரங்களும் ஒப்பீட்டுக்கு மிகவும் ஏற்றவை. இரண்டும் ஆங்கிலேயர் ஆட்சியில் வளர்ந்த துறைமுகங்கள். இரண்டும் நிதி, வணிகம், இடைமாற்றுப் பயணம் ஆகியவற்றை நம்பி வாழ்பவை. இரண்டிலும் உள்நாட்டு விமானப் பயணம் என்பதே இல்லை. அமெரிக்க, சீன, இந்திய நிறுவனங்கள் எல்லைகள் மூடப்பட்ட நிலையிலும் உள்நாட்டுச் சேவைகளால் ஓரளவு தாக்குப்பிடித்தன. ஹாங்காங்கின் கேத்தே பசிபிக், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகிய நிறுவனங்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே எல்லையில் விதிக்கப்பட்ட விதி எதுவாயினும் அதன் முழு விளைவும் இந்நிறுவனங்களின் மீது நேரடியாக விழுந்தது. அவ்விளைவு எந்தெந்த வழிகளில் செயற்பட்டது என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா.

2. சட்டப் பின்புலம்

நோயுள்ள இடத்திலிருந்து வருவோரைத் தடுத்து வைக்கும் வழக்கம் கப்பல் காலத்தது. 1377இல் ஏட்ரியாட்டிக் கடற்கரை நகரமான ரகூசா, கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருவோரை 30 நாள் விலக்கி வைக்க ஆணையிட்டது. பின்னர் அது 40 நாளாக நீண்டது; நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே ஆங்கிலச் சொல்லும் பிறந்தது. கப்பலின் பயணமே வாரக்கணக்கில் நீண்டதால், கரையில் காத்திருக்கும் நாள்கள் பயணத்தின் ஒரு நீட்சியாகவே அமைந்தன. விமானம் இந்த விகிதத்தைத் தலைகீழாக மாற்றியது. சில மணி நேரப் பயணத்துக்குப் பின் இரண்டு, மூன்று வாரக் காத்திருப்பு என்பது பயணத்தின் பொருளையே மாற்றிவிடுகிறது.

1933இல் ஹேக் நகரில் வான்வழிப் போக்குவரத்துக்கெனத் தனியாக ஒரு பன்னாட்டுச் சுகாதார உடன்படிக்கை உருவானது. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை, தன் வான்பரப்பின் மீது ஒவ்வொரு நாட்டுக்கும் முழு இறைமை உண்டு என்றது. அதன் 14ஆம் உறுப்பு, விமானங்களின் வழியே நோய் பரவாமல் தடுக்கும் பொறுப்பையும் அந்நாடுகளுக்கே அளித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டுப் பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குவிதிகளின் 43ஆம் உறுப்பு, நாடுகள் கூடுதல் நடவடிக்கை எடுக்கலாம் என்றும், கிடைக்கக்கூடிய பிற நியாயமான வழிகளைவிட அவை போக்குவரத்தை அதிகம் தடுப்பனவாக இருத்தலாகாது என்றும் கூறுகிறது. இவ்வரம்பை மீறும் நாட்டைத் தண்டிக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. 2020இல் நாடுகள் தத்தம் விருப்பப்படி விதிகளை வகுத்ததற்கு இந்த இடைவெளியே சட்ட அடிப்படையாயிற்று.

3. சேவையைத் தொடங்கும் முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது?

விமானச் சேவையைத் தொடங்குவது கடையைத் திறப்பது போன்ற செயலன்று. பன்னாட்டு அட்டவணைகள் ஆண்டுக்கு இரு பருவங்களாக வகுக்கப்படுகின்றன: கோடைப் பருவம் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்றும், குளிர்காலப் பருவம் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்றும் தொடங்குகின்றன. பயணச்சீட்டுகள் பல மாதங்களுக்கு முன்பே விற்பனைக்கு வருகின்றன. பணியாளரின் பணிப்பட்டியல் மாதந்தோறும் வகுக்கப்படுகிறது. நிறுத்தி வைக்கப்பட்ட விமானம் மீண்டும் பறப்பதற்குமுன் விரிவான பராமரிப்புச் சோதனைகள் வேண்டும். விமானி ஒருவர் 90 நாள்களுக்குள் குறைந்தது மூன்று முறை மேலேற்றமும் தரையிறக்கமும் செய்திருக்க வேண்டும் என்பது பொதுவான தகுதி நிபந்தனை. அது தவறினால் பாவிப்பு எந்திரத்தில் மறுபயிற்சி பெற வேண்டும்.

இவையனைத்தும் வாரங்களையும் மாதங்களையும் வேண்டுவன. தனிமைப்படுத்தல் விதியோ ஒரே அறிவிப்பில், சில நேரங்களில் ஒரே இரவில், மாறக்கூடியது. அட்டவணையின் காலமும் விதியின் காலமும் இவ்வாறு பொருந்தாமற்போன இடத்தில்தான் விமான நிறுவனங்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

4. ஹாங்காங்: மூன்று தடைகள்

4.1 அறைகளின் எண்ணிக்கை

ஹாங்காங் அரசு 2020 மார்ச் 19 முதல் வெளிநாடுகளிலிருந்து வருவோருக்கு 14 நாள் தனிமைப்படுத்தலைக் கட்டாயமாக்கியது. மார்ச் 25 முதல் வெளிநாடுகளிலிருந்து வந்த குடியுரிமையற்றோர் நுழைவும் இடைமாற்றுப் பயணமும் நிறுத்தப்பட்டன. இடைமாற்றம் ஜூன் மாதத்தில் பகுதியளவில் மீண்டது. 2020 டிசம்பர் 25 முதல் தனிமைப்படுத்தல் 21 நாளாக நீண்டது. அதுவும் அரசு குறித்த விடுதிகளிலேயே கழிக்கப்பட வேண்டியதாயிற்று. பயணி விமானம் ஏறுமுன் விடுதி அறைக்கான முன்பதிவைக் காட்ட வேண்டியிருந்தது. இதனால் எத்தனை இருக்கைகள் விற்கலாம் என்பதை விமானத்தின் கொள்ளளவைவிட நகரத்திலிருந்த அறைகளின் எண்ணிக்கையே முடிவுசெய்தது. தாயகம் திரும்ப விரும்பியவர்கள் குறைவில்லை. அறை கிடைக்காதவர்கள் பயணத்தைத் தள்ளிப்போட்டனர். தேவை இருந்தும் சேவை பெருகாமைக்கு இது முதற் காரணம்.

4.2 பணியாளரின் தனிமைப்படுத்தல்

இரண்டாவது தடை ஆய்வுகளில் போதிய கவனம் பெறாதது. எனினும் மூன்றனுள் இதுவே மிகவும் வலியது. 2021 பிப்ரவரி 20 முதல் ஹாங்காங்கைத் தளமாகக் கொண்ட விமானப் பணியாளரும் பயணம் முடிந்து திரும்பியதும் 14 நாள் விடுதியில் தனித்திருந்து, மேலும் 7 நாள் மருத்துவக் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. இவ்விதியால் அப்போதிருந்த பயணிகள் சேவையில் சுமார் 60 விழுக்காடும் சரக்குச் சேவையில் 25 விழுக்காடும் குறையும் எனக் கேத்தே பசிபிக் அறிவித்தது. மாதந்தோறும் கரையும் தொகை 30 முதல் 40 கோடி ஹாங்காங் டாலர் வரை கூடும் எனவும் அது கணக்கிட்டது.

இதனை எதிர்கொள்ள நிறுவனம், விரும்பி முன்வந்த பணியாளரைக் கொண்டு மூடிய சுழற்சி முறை ஒன்றை வகுத்தது. மூன்று வாரம் தொடர்ந்து பறப்பு, இரண்டு வாரம் விடுதியில் தனிமை, அதன்பின் இரண்டு வாரம் ஓய்வு என்பது அதன் அமைப்பு. ஏழு வாரங்களில் மூன்று வாரம் மட்டுமே பணி நடந்தது. 2021ஆம் ஆண்டில் தன் பணியாளர் தனிமைப்படுத்தல் விடுதிகளில் 62,000க்கு மேற்பட்ட இரவுகளையும், பென்னிஸ் பே முகாமில் 11,000க்கு மேற்பட்ட இரவுகளையும் கழித்ததாக நிறுவனமே பின்னர் தெரிவித்தது. நிறுவனத்தின் கணக்கில் உற்பத்தித் திறன் இழப்பாகப் பதிவான இவ்விரவுகள், பணியாளரின் கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து, சன்னல் திறவாத அறைகளில் கழிந்த வாழ்நாள்கள்.

தடுப்பூசி செலுத்திக்கொண்ட பணியாளருக்கு இவ்விதி இடையில் தளர்த்தப்பட்டது. ஆனால் 2021 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து திரும்பிய மூன்று சரக்கு விமானிகளுக்குத் தொற்று உறுதியானது. டிசம்பர் இறுதியில் விமானப் பணியாளர் தொடர்புடைய ஒமைக்ரான் தொற்று நகரில் பரவியது. உடனே சரக்கு விமானப் பணியாளரின் விடுதித் தனிமை மூன்று நாளிலிருந்து ஏழு நாளாக உயர்த்தப்பட்டது. கேத்தே பசிபிக் தன் நெடுந்தொலைவுச் சரக்குச் சேவைகளை ஒரு வாரம் நிறுத்தியது. 2022 ஜனவரியில் அதன் சரக்குச் சேவை பெருந்தொற்றுக்கு முந்தைய அளவில் சுமார் 20 விழுக்காடாகவும், பயணிகள் சேவை 2 விழுக்காடாகவும் வீழ்ந்தன.

பயணிகளின் தேவையே சேவையைத் தீர்மானித்தது எனும் விளக்கம் இங்கே முறிகிறது. சரக்கு விமானத்தில் தனிமைப்படுத்த வேண்டிய பயணிகள் இல்லை. அக்காலத்தில் உலகெங்கும் வான்வழிச் சரக்குக் கட்டணம் மிக உயர்ந்திருந்தது. 2021இன் முதற் பாதியில் 757 கோடி ஹாங்காங் டாலர் இழந்த நிறுவனம், சரக்கு வருவாயின் துணையால் ஆண்டு முழுமைக்குமான இழப்பை 553 கோடியாகக் குறைத்திருந்தது. அத்தகைய வருவாய் தரும் சேவையையே நிறுவனம் கைவிட நேர்ந்தது. விமானமும் இருந்தது, சரக்கும் இருந்தது. அறைக்குள் அடைபட்டிருந்த விமானி மட்டுமே இல்லை.

4.3 வழித்தட இடைநிறுத்தம்

மூன்றாவது தடை முன்னறிய இயலாமை. ஒரு விமானத்தில் வந்தவர்களுள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானால் அவ்வழித்தடத்தையே நிறுத்திவைக்கும் முறையை ஹாங்காங் கடைப்பிடித்தது. 2021 ஏப்ரலில் இவ்வரம்பு மூவராகக் குறைக்கப்பட்டது. நிறுத்தம் 14 நாள் நீடித்தது. புறப்படுமுன் பரிசோதனை செய்திருந்தும், வந்திறங்கியபின் எத்தனை பேருக்குத் தொற்று தெரியவரும் என்பதை எந்த நிறுவனமும் கணிக்க இயலாது. 2022 ஜனவரி 8 முதல் இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட எட்டு நாடுகளிலிருந்து வரும் பயணிகள் விமானங்கள் அனைத்தும் தடைசெய்யப்பட்டன. பின்னர் நேபாளமும் சேர்ந்தது. இத்தடை ஏப்ரல் 1இல்தான் நீங்கியது. வழித்தட இடைநிறுத்த முறை ஜூலை 7இலும், விடுதித் தனிமை செப்டம்பர் 26இலும் கைவிடப்பட்டன.

5. தொடங்காத ஒரு சேவை

விதியின் நிலையாமைக்குச் சிறந்த சான்று ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே திட்டமிடப்பட்டு ஒருபோதும் தொடங்காத விமானப் பயண உடன்பாடு. தனிமைப்படுத்தலுக்கு மாற்றாகப் பரிசோதனையை ஏற்பது என 2020 அக்டோபரில் இருநகர அரசுகளும் இசைந்தன. நாளொன்றுக்கு ஒரு விமானம், அதில் 200 பயணிகள் எனும் சிறிய அளவில் நவம்பர் 22 அன்று சேவை தொடங்க வேண்டும். இரு நகரங்களுள் ஒன்றில் மூலம் அறியப்படாத தொற்றுகளின் ஏழு நாள் சராசரி ஐந்தைத் தாண்டினால் உடன்பாடு இரு வாரம் நிறுத்தப்படும் என்பது நிபந்தனை. ஹாங்காங்கில் தொற்று உயரவே, தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னர் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2021 மே 26 எனப் புதிய நாள் குறிக்கப்பட்டபோது சிங்கப்பூரில் தொற்று உயர்ந்தது. மே 17இல் மீண்டும் தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்டில் திட்டமே கைவிடப்பட்டது.

இரு அரசுகளும் இசைந்தன, பயணச்சீட்டும் விற்பனையாயிற்று, விமானமும் பணியாளரும் ஆயத்தமாக இருந்தனர். ஆயினும் ஒரு விமானம்கூட இவ்வுடன்பாட்டின்கீழ்ப் பறக்கவில்லை. சுகாதார நோக்கில் அந்நிபந்தனை நியாயமானதே. ஆனால் அட்டவணை வகுப்போருக்கு அது எந்நாளும் அறுபடக்கூடிய ஒரு நூலாகவே இருந்தது.

6. சிங்கப்பூர்: விற்ற சீட்டை மதித்தல்

சிங்கப்பூரும் தொடக்கத்தில் எல்லையை இறுக மூடிய நகரமே. 2021 ஏப்ரல் 23 நள்ளிரவு முதல், அண்மையில் இந்தியாவில் இருந்த நீண்டகால அனுமதியாளரும் குறுகியகால வருகையாளரும் உள்நுழையத் தடைவிதித்தது. இத்தடை அக்டோபர் இறுதியில்தான் தளர்ந்தது. தமிழகத்திலிருந்து சென்று பணியாற்றியோர் பலருக்கு அந்த ஆறு மாதங்கள் பணியிடத்துக்கும் வீட்டுக்கும் இடையே நின்ற காலமாயின.

வேறுபாடு இரண்டு இடங்களில் தோன்றியது. முதலாவது, பணியாளர். சிங்கப்பூர் அரசு விமானப் பணியாளருக்குத் தடுப்பூசியில் முன்னுரிமை அளித்தது. 2021 பிப்ரவரி 11 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் தடுப்பூசி செலுத்திக்கொண்ட பணியாளரை மட்டுமே கொண்ட விமானங்களை இயக்கியது. அதே மாதத்தில்தான் ஹாங்காங் தன் பணியாளரை இரு வாரம் விடுதியில் அடைக்கத் தொடங்கியது என்பது கருதத்தக்கது.

இரண்டாவது, விதியின் வடிவம். 2021 செப்டம்பர் 8 முதல் ஜெர்மனியிலிருந்தும் புருனேயிலிருந்தும் தடுப்பூசி செலுத்தியோர் குறிப்பிட்ட விமானங்களில் வந்தால் தனிமைப்படுத்தல் இல்லை எனச் சிங்கப்பூர் அறிவித்தது. நாடு முழுமையையும் திறந்துவிடாமல், எந்த விமானம் எனக் குறித்துத் திறந்த முறை இது. நவம்பர் 29 முதல் சென்னை, டெல்லி, மும்பை ஆகிய நகரங்களிலிருந்து நாளொன்றுக்கு ஆறு விமானங்கள் இம்முறையில் சேர்ந்தன. தனிமைப்படுத்தல் விலக்கைத் தன் அட்டவணையிலேயே பதித்து விற்கும் வாய்ப்பை நிறுவனம் இதனால் பெற்றது.

ஒமைக்ரான் பரவியபோது நிகழ்ந்தது இன்னும் தெளிவான சான்று. 2021 டிசம்பர் 23 முதல் 2022 ஜனவரி 20 வரை இவ்விமானங்களுக்குப் புதிய சீட்டு விற்பனையைச் சிங்கப்பூர் நிறுத்தியது. ஏற்கெனவே சீட்டு வாங்கியோர் தனிமைப்படுத்தலின்றி வர அனுமதி தொடர்ந்தது. அதே ஒமைக்ரானுக்கு எதிராக ஹாங்காங் எட்டு நாட்டு விமானங்களை முற்றாக நிறுத்தியது. இரண்டும் பின்வாங்கல்களே. ஆனால் ஒன்று இனி விற்கப்படவிருந்ததை நிறுத்தியது. மற்றொன்று முன்னரே விற்கப்பட்டதையும் செல்லாததாக்கியது. மீண்டும் வாய்ப்பு வரும்போது நிறுவனம் எவ்வளவு துணிவுடன் சேவையை விரிக்கும் என்பதை இவ்வேறுபாடு நிர்ணயித்தது. 2022 ஏப்ரல் 1இல் சிங்கப்பூர் தடுப்பூசி செலுத்திய அனைவருக்கும் எல்லையைத் திறந்தபோது அந்நிறுவனம் ஆயத்தமாக இருந்தது; அவ்வாண்டு டிசம்பரில் பெருந்தொற்றுக்கு முந்தைய கொள்ளளவில் சுமார் 80 விழுக்காட்டை எட்டியது. கேத்தே பசிபிக் எட்டியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே.

பிற நாடுகளிலும் இதற்கு ஒத்த சான்றுகள் கிடைக்கின்றன. 2021 அக்டோபர் 15 அன்று ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், தடுப்பூசி செலுத்தியோருக்கு நவம்பர் 1 முதல் விடுதித் தனிமை இல்லை என அறிவித்தது. நவம்பர் 14இல் பன்னாட்டுச் சேவையைத் தொடங்கவிருந்த குவாண்டாஸ் நிறுவனம் அதே நாளில் தன் தொடக்கத்தை நவம்பர் 1ஆக முன்னகர்த்தியது. இந்தியா 2021 டிசம்பர் 15 முதல் வழக்கமான பன்னாட்டுச் சேவைகளை அனுமதிப்பதாக நவம்பர் இறுதியில் அறிவித்து, சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. இறுதியில் 2022 மார்ச் 27 அன்று அனுமதித்தது. அந்நாள் கோடை அட்டவணையின் முதல் நாள் என்பது, விதியின் காலம் அட்டவணையின் காலத்தோடு இசைந்த ஓர் அரிய நிகழ்வு.

7. மாற்று விளக்கங்கள்

இம்முடிவுக்கு எதிராக மூன்று கருத்துகள் எழலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தெமாசெக் எனும் பெரும் பங்குதாரரின் துணையால் 2020 மார்ச்சிலேயே 1,500 கோடி சிங்கப்பூர் டாலர் வரை திரட்டும் திட்டத்தை அறிவித்தது என்பது முதலாவது. ஆனால் ஹாங்காங் அரசும் 2020 ஜூனில் கேத்தே பசிபிக்கின் 3,900 கோடி ஹாங்காங் டாலர் மறுமூலதனத் திட்டத்தில் 2,730 கோடியை அளித்தது. அரசு ஒரு கையால் நிதி அளித்து மறுகையால் விதியை இறுக்கியது எனலாம்.

சீனப் பெருநிலத்துடனான எல்லையைத் திறப்பதே ஹாங்காங்கின் முதன்மை நோக்கமாக இருந்தது என்பது இரண்டாவது. இது உண்மை. எனினும் இது விதி ஏன் வகுக்கப்பட்டது என்பதை விளக்குகிறதே அன்றி, விதி எவ்வாறு செயற்பட்டது என்பதை விளக்குவதில்லை. 2022 பிப்ரவரிக்குப் பின் ரஷ்ய வான்பரப்பு மூடப்பட்டது என்பது மூன்றாவது. அது ஐரோப்பிய நிறுவனங்களைப் பாதித்தது. ஆனால் கேத்தே பசிபிக்கின் சேவை அதற்கு முந்தைய மாதமே 2 விழுக்காடாக வீழ்ந்துவிட்டிருந்தது.

இவை ஒருபுறமிருக்க, விதியின் மறுபக்கத்தையும் கருத வேண்டும். 2021 இறுதி வரை ஹாங்காங்கில் கோவிட் இறப்பு 213 மட்டுமே. அவ்வகையில் அவ்விதிகள் உயிர் காத்தன. ஆனால் காத்த காலத்தில் முதியோருக்குத் தடுப்பூசி போதிய அளவில் சென்றுசேரவில்லை; 2022 தொடக்கத்தில் எழுந்த ஐந்தாம் அலையில் 9,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். தனிமைப்படுத்தல் காலத்தை ஈட்டித் தரும் கருவி. அக்காலம் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பது வேறு வினா.

8. விதி நீங்கிய பின்

2020 அக்டோபரில் கேத்தே பசிபிக் தன் துணை நிறுவனமான கேத்தே டிராகனை மூடி, சுமார் 5,900 பேரைப் பணிநீக்கியது. தனிமைப்படுத்தல் இரவுகளால் சோர்ந்த விமானிகள் பலர் பின்னர் தாமாகவே விலகினர். அதன் விமானங்கள் பல ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைநிலத்தில் நிறுத்தப்பட்டிருந்தன. கடைசி விமானம் அங்கிருந்து கிளம்பியது 2024 ஜூனில். 2024 தொடக்கத்திலும் விமானிகள் பற்றாக்குறையால் அந்நிறுவனம் சேவைகளைக் குறைக்க வேண்டியிருந்தது. பெருந்தொற்றுக்கு முந்தைய சேவை அளவை அது 2025 ஜனவரியில்தான் எட்டியது. விடுதித் தனிமை நீங்கி ஏறத்தாழ 27 மாதங்களுக்குப் பின்னும் அதன் விளைவு தொடர்ந்தது.

9. முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் அறியப்படுவன:

1. தனிமைப்படுத்தல் விதி பயணியின் விருப்பத்தைக் குறைப்பதன் வழியே மட்டும் விமானச் சேவையைத் தடுப்பதில்லை; விடுதி அறைகள், பணியாளரின் பணிநாள்கள் ஆகியவற்றின் வழியாகவும் தடுக்கிறது. ஹாங்காங்கின் சரக்குச் சேவை வீழ்ச்சி இதற்கு உறுதியான சான்று.

2. விதி எவ்வளவு கடுமையானது என்பதோடு, அது எவ்வாறு மாற்றப்படுகிறது என்பதும் நிறுவனங்களின் முடிவைத் தீர்மானிக்கிறது. விற்ற சீட்டுகளை மதித்துப் பின்வாங்கிய சிங்கப்பூரில் சேவை விரைந்து மீண்டது.

3. விதி நீக்கப்படும் நாளும் சேவை மீளும் நாளும் ஒன்றல்ல. இடைப்பட்ட காலத்தின் நீளம், விதி நடப்பிலிருந்தபோது எத்தனை பணியாளரைத் தக்கவைக்க முடிந்தது என்பதைப் பொறுத்தது.

எதிர்காலத்தில் மற்றொரு பெருந்தொற்று நேர்ந்து எல்லைகளை மூட வேண்டியிருப்பின், எத்தனை நாள் தனிமைப்படுத்துவது எனும் வினாவோடு, விமானத்தை இயக்குவோரை எவ்வாறு காப்பது, விதியை எவ்வாறு அறிவித்து எவ்வாறு திரும்பப் பெறுவது எனும் வினாக்களும் அரசுகளால் அன்றே எண்ணப்பட வேண்டும். மருந்தும் தடுப்பூசியும் வந்து சேர்வதும், பிரிந்த குடும்பங்கள் ஒன்றுசேர்வதும் அந்த விமானங்களைப் பொறுத்தே அமைகின்றன.